காட்டுக்குள் ஒரு பெட்டி

விறகுக்கோ, ஆட்டைத் தேடியோ, ஓடி ஒளிவதற்கோ அல்லாமல், சும்மா நடப்பதற்கென்றே நீங்கள் கடைசியாகக் காட்டுக்குள் போனது எப்போது தோழிகளே? 2024 ஒக்டோபருக்கு முன்னர் என்னிடம் யாராவது இப்படிக் கேட்டிருந்தால், ஒருநாளும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

அந்த மாதம் நோர்வேயில் இருக்கும் என் அக்காவிடம் மூன்று கிழமை போய் நின்றேன். அக்கா 1999 இல் இங்கிருந்து போனவர். அவருடைய மகனுக்கு அப்போது பதினொரு வயது, மகளுக்கு ஏழு. இரண்டு பெறாமக்களையும் அதுவரை தொலைபேசித் திரையில்தான் கண்டிருந்தேன். போய் இறங்கிய முதற் சனிக்கிழமை இரவு மகன் வந்து, "சித்தி, நாளைக்குக் காட்டுக்குப் போறம். உங்களுக்குச் சப்பாத்து இருக்கோ?" என்று கேட்டான். நான் அக்காவைப் பார்த்தேன். "ஞாயிற்றுக்கிழமை இஞ்ச எல்லாரும் காட்டுக்குத்தான் போவினம். நாங்கள் கோயிலுக்குப் போற மாதிரி" என்றார் அக்கா.

உண்மைதான். மறுநாள் காலை நாங்கள் ஏறிய நகர ரயிலில் பாதிப்பேர் முதுகுப் பையோடு இருந்தார்கள். கைக்குழந்தையை நெஞ்சில் கட்டிய தாய், ஊன்றுகோல் பிடித்த பாட்டி, நாயோடு ஒரு இளைஞன். ஒஸ்லோ நகரத்தைச் சுற்றிப் பெரும்பாலும் காடு. நகரம் வளர்ந்து அந்தக் காட்டைத் தின்றுவிடக் கூடாதென்று 2009 இல் தனியாக ஒரு சட்டமே போட்டிருக்கிறார்கள். நாங்கள் போன கிழக்குப் பக்கக் காட்டுக்கு ஓஸ்ட்மார்க்கா என்று பெயர். அதன் ஒரு பகுதியை 2023 இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். ரயிலால் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் வீடுகள் முடிந்து மரங்கள் தொடங்கிவிடுகின்றன. நடுவில் வேலியும் இல்லை, காவலரணும் இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை.

இதை அத்தானிடம் கேட்டேன். அங்கே 1957 இல் வந்த ஒரு சட்டம் இருக்கிறதாம். காடும் மலையும் யாருடைய பெயரில் இருந்தாலும், பயிர் செய்யாத நிலமென்றால் யாரும் நடக்கலாம். பழம் பறிக்கலாம், காளான் பிடுங்கலாம், வீடுகளுக்குக் கிட்டப் போகாமல் ஓரிரு இரவு கூடாரமும் போடலாம். பச்சை மரத்தை வெட்டக் கூடாது, குப்பை போடக் கூடாது. ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டிலும் காட்டோரத்திலும் நெருப்பு மூட்டக் கூடாது. நாங்கள் ஒக்டோபரில் போனபடியால் அத்தானின் பைக்குள் ஒரு விறகு அடுப்பும் வந்தது. அந்த அடுப்பின் கதைக்குப் பிறகு வருகிறேன்.

மீளக்குடியேறிய எங்கள் கிராமங்கள் பலவற்றில் காட்டெல்லைக் கல் வீட்டுக் கொல்லைக்கே வந்து நிற்பதையும், ஒரு கட்டு விறகுக்காகப் பெண்கள் ஒளித்து ஒளித்துப் போவதையும் நினைத்துக்கொண்டேன். அதை எழுதத் தொடங்கினால் இந்த மாதப் பக்கம் போதாது.

நடைபாதையில் மரங்களில் நீல நிறம் பூசியிருந்தது. நீலம் கோடை நடைபாதையாம், சிவப்பு பனிச்சறுக்குப் பாதையாம். சிவப்பு அடித்த ஒரு மரத்தைக் கண்டதும் என் கால் தானாக நின்றது. எங்கள் ஊர்களில் சிவப்புத் தலைக் கட்டை நட்டிருந்தால், மண்டையோடு வரைந்த பலகை தொங்கினால், அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெறாமகள் என் கையைப் பிடித்து இழுத்து, "சித்தி, அது சினோ வந்தாப் பிறகுதான்" என்றாள். சினோ என்றால் அவர்களின் மொழியில் பனி.

பேர்ச் மரங்கள் மஞ்சளாகியிருந்தன. ஊசியிலை மரங்களுக்குக் கீழே பாசி, மெத்தை விரித்ததுபோல. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தும் முகம் பாராத அந்தச் சனங்கள் காட்டுப் பாதையில் எதிர்ப்படும்போது மட்டும் சிரித்து "ஹாய்" சொல்லிக்கொண்டு போகிறார்கள். ஏன் என்று அக்காவிடம் கேட்டேன். இருபத்தைந்து வருடமாகத் தனக்கும் விளங்கவில்லை என்றார்.

இனி விளையாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். பெறாமகனின் கைத்தொலைபேசியில் காட்டின் வரைபடம் இருந்தது. அதில் சின்னச் சின்னப் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் யாரோ ஒருவர் ஒரு பெட்டியை ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் மற்றவர்களுக்கு அறிவித்திருக்கிறார். தொலைபேசியில் ஒரு அம்புக்குறி திசை காட்டும், இன்னும் எத்தனை மீற்றர் என்று சொல்லும். கிட்டப் போனதும் அது உதவாது. மரங்களுக்குக் கீழே பத்து மீற்றர் முன்பின்னாகக் காட்டும். அதன் பிறகு கண்ணாலும் கையாலும்தான் தேடவேண்டும். பெட்டிக்குள் ஒரு கொப்பி இருக்கும். பெயரும் திகதியும் எழுதவேண்டும். உள்ளே கிடக்கும் விளையாட்டுப் பொருள் ஒன்றை எடுக்கலாம், எடுத்தால் அதற்கு ஈடாக ஒன்றை வைக்கவேண்டும். சாப்பாட்டுப் பொருள் வைக்கக் கூடாது, மிருகங்கள் மணம் பிடித்துவிடும். மண்ணுக்குள் புதைக்கவும் கூடாது. பிறகு இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே மூடிவைத்துவிட்டு வரவேண்டும். இதற்கு ஜியோகேஷிங் என்று பெயர். ஜியோ என்றால் பூமி, கேஷ் என்றால் ஒளித்து வைத்த பொருள்.

இது தொடங்கிய விதம் எனக்குப் புதுமையாக இருந்தது. செய்மதி மூலம் இடத்தை அறியும் ஜிபிஎஸ் முறை அமெரிக்க இராணுவத்துக்காக உண்டாக்கப்பட்டது. பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையை வேண்டுமென்றே பிழையாக்கி வைத்திருந்தார்கள். நூறு மீற்றர் வரை தவறும். 2000 மே 2 ஆம் திகதி அந்தப் பிழையை நிறுத்தினார்கள். அடுத்த நாளே டேவ் உல்மர் என்பவர் ஒறிகன் மாநிலத்தின் காட்டோரம் ஒன்றில் ஒரு கறுப்பு வாளியை வைத்து, அதன் இடத்தை அறிவித்தார். உள்ளே புத்தகம், கொஞ்சப் பணம், ஒரு பேணி அவரை, கவண் என்று பலதும் இருந்தன. சில நாட்களுக்குள் அதை ஒருவர் தேடிப் போய்க் கண்டுபிடித்துவிட்டார். இன்று உலகம் முழுவதும் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இப்படி ஒளிந்து கிடக்கின்றன.

முதலாவது பெட்டி ஒரு வழிகாட்டிப் பலகைக்குப் பின்னால் இருந்தது. விரலளவு குழாய், உள்ளே சுருட்டிய கடதாசி. இரண்டாவது கிடைக்கவேயில்லை. ஒரு விழுந்த மரத்தைச் சுற்றி அரை மணித்தியாலம் தேடினோம். எனக்கு இடுப்பு நோவெடுத்துவிட்டது. பிள்ளைகளுக்குக் கொஞ்சமும் சலிக்கவில்லை. மூன்றாவது ஏரிக்கு மேலே ஒரு பாறை இடுக்கில் இருந்தது.

பெறாமகன்தான் முதலில் கண்டான். பாறைக்குக் கீழே மரப்பட்டையையும் கல்லையும் அடுக்கி மூடியிருந்தது. அவன் முழந்தாளில் இருந்து கல்லை ஒவ்வொன்றாக எடுத்தான். கடைசிக் கல்லை எடுத்ததும் பச்சை நிறத்தில் இரும்புப் பெட்டி தெரிந்தது. மேலே மடிக்கிற கைபிடி, பக்கத்தில் கொளுக்கி.

துப்பாக்கி ரவைப் பெட்டி.

"தொடாதை!" என்று நான் கத்தியது அந்த ஏரி முழுக்கக் கேட்டிருக்கும். "கையை எடு! திரும்பாதை! வந்த காலடியிலேயே பின்னுக்கு வா!"

பிள்ளை அப்படியே உறைந்துபோனான். பாதையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு மனிதர் நின்று எங்களைப் பார்த்தார். சின்னவள் அழத் தொடங்கினாள். என் சொந்தக் கையே ஒரு மரத்தை இறுக்கிப் பிடித்திருப்பதைப் பிறகுதான் கண்டேன்.

இதை நான் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். ஆனால் உங்களில் எத்தனை பேருக்கு இந்த வார்த்தைகள் மனப்பாடம் என்பதும் எனக்குத் தெரியும். 2010 இல் நான் முதன்முதலில் சம்பளம் வாங்கிய வேலையே இந்த வார்த்தைகளைச் சொல்லிக்கொடுப்பதுதான். வன்னியில் மீளக்குடியேறிய கிராமங்களுக்குப் போய், தறப்பாள் கொட்டில் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை இருத்தி, படம் காட்டி, பாட்டுப் பாடி, மிதிவெடி பற்றி விளக்குவோம். தெரியாத பொருளைத் தொடாதே. கிட்டப் போகாதே. கல்லெறியாதே. நீ போட்ட காலடியிலேயே திரும்பி வா. பெரியவர்களிடம் சொல். எத்தனை நூறு பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேனோ தெரியாது. பளபளப்பான பொருள், பெட்டி, பேணி, பந்து மாதிரி எதைக் கண்டாலும் ஆசைப்படக் கூடாது என்று அவர்களின் ஆசையையே பிடுங்கி எடுத்தோம். அது தேவையாக இருந்தது. இன்றைக்கும் அதைப் பிழை என்று சொல்லமாட்டேன்.

அத்தான் வந்து பெட்டியைத் திறந்து காட்டினார். இராணுவம் கழித்து விற்கும் ரவைப் பெட்டிகள் தண்ணீர் புகாதவையாம், அதனால் இந்த விளையாட்டுக்காரருக்கு அவை மிகவும் விருப்பமாம். உள்ளே ஒரு கொப்பி, பென்சில், பிளாஸ்ரிக் டைனோசர், திறப்புக் கோர்வை, யாரோ ஒரு குழந்தையின் மணிக் காப்பு.

"சித்தி, இது வெறும் விளையாட்டு" என்றான் பெறாமகன். அவனுடைய குரல் நடுங்கிக்கொண்டிருந்தது. அக்கா ஒன்றும் பேசவில்லை. என் கையைப் பிடித்துப் பாறையில் இருத்தினார். அக்கா போன வருடம் எனக்குப் பத்து வயது. அதற்குப் பிறகு எங்களுக்கு நடந்த எல்லாவற்றையும் அவர் தொலைபேசியில்தான் கேட்டார். அன்றைக்குத்தான் கண்ணால் கண்டார் என்று நினைக்கிறேன்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு நான் எழும்பிப் போய் அந்தப் பெட்டிக்குள் கைவிட்டேன். பையில், எங்கள் மகளிர் குழுவினர் பனையோலையில் பின்னிய சின்னக் கோர்வைகள் இரண்டு இருந்தன, அக்காவின் சிநேகிதிகளுக்குக் கொடுக்கக் கொண்டுபோனவை. ஒன்றைப் பெட்டிக்குள் வைத்தேன். சின்னவள் அழுகையை விட்டுவிட்டு, வைத்தால் எடுக்கலாம் என்று எனக்கு விதியைச் சொல்லித் தந்து, டைனோசரைத் தான் எடுத்துக்கொண்டாள். கொப்பியில் தமிழில் திகதியும் எங்கள் ஊரின் பெயரும் எழுதினேன்.

அத்தான் என்னைத் தேற்றுவதற்காக ஒரு கதை சொன்னார். 2011 யூலையில் இங்கிலாந்தின் வெதர்பி என்ற சிறு பட்டணத்தில் ஒருவர் தெருவோரத்தில் இப்படிப் பெட்டியை ஒளிப்பதைக் கண்ட ஆட்கள் பொலிசுக்கு அறிவிக்க, இராணுவத்தின் வெடிகுண்டு பிரிவு வந்து அதை வெடிக்க வைத்து அழித்ததாம். "அப்ப வெள்ளைக்காரனும் கத்தியிருக்கிறான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது அடுப்பு. ஏரிக்கரையில் ஒரு வெட்டையான இடத்தில் அத்தான் தன்னுடைய அடுப்பை எடுத்து வைத்தார். பால்மாப் பேணி அளவு, துருப்பிடிக்காத உருக்கில் செய்தது, கால் கிலோ வரும். தேத்தண்ணிப் பாத்திரத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அவருக்கு அதில் பெரிய பெருமை. கீழே கிடந்த சுள்ளிகளைப் பொறுக்கிப் போட்டு ஐந்தாறு தீக்குச்சி கிழித்தார். முதல்நாள் மழை. புகைந்ததே தவிர எரியவில்லை. ஊதி ஊதி அவருடைய கண் சிவந்துவிட்டது.

"அத்தான், விடுங்கோ" என்றேன்.

மழைக்குள் நெருப்பு மூட்டுவதற்கு எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2008 மார்கழி வெள்ளத்தில் தறப்பாளுக்குக் கீழே மூன்று கல் வைத்துக் கஞ்சி காய்ச்சியவர்கள் நாங்கள். நிலத்தில் கிடக்கும் விறகு ஈரத்தை உறிஞ்சியிருக்கும். மரத்திலேயே செத்துக் காய்ந்து நிற்கும் கொப்புத்தான் வேண்டும். முறித்தால் 'படக்' என்று சத்தம் வரவேண்டும், வளைந்தால் உதவாது. அந்த ஊசியிலை மரங்களின் அடியில் பென்சில் தடிப்பில் செத்த கொப்புகள் ஏராளம். மேலே அடர்ந்த இலை குடை பிடிப்பதால் அவை நனைவதில்லை. ஒரு கை நிறைய முறித்து வந்தேன். பிள்ளைகளும் முறித்து முறித்துச் சத்தம் கேட்டுப் பார்த்தார்கள். அடுப்பு பிடித்துக்கொண்டது.

பிடித்த பிறகு நடந்ததைத்தான் நான் இன்றுவரை மறக்கவில்லை. புகை நின்றுவிட்டது. அடுப்பின் மேல் விளிம்பைச் சுற்றியுள்ள துளைகளிலிருந்து, காஸ் அடுப்பில் வருவதுபோல, சின்னச் சின்னச் சுவாலைகள் உள்ளே பாய்ந்தன. ஒரு லீற்றர் தண்ணீர் பத்து நிமிடத்துக்குள் கொதித்தது. பிளேன்ரீ குடித்துக்கொண்டு, அக்கா கட்டிக்கொண்டு வந்த ரொட்டியையும் சம்பலையும் சாப்பிட்டுக்கொண்டு, நான் அந்த அடுப்பையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முடிவில் அடுப்பில் மிஞ்சியது இரண்டு கரண்டி சாம்பல்.

அதன் சூட்சுமம் இதுதான். புகை என்பது எரியாமல் போகும் விறகு. மூன்று கல் அடுப்பில் அது எங்கள் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் போய்விடுகிறது. இந்த அடுப்புக்கு இரட்டைச் சுவர். கீழ்த் துளைகளால் போகும் காற்றில் ஒரு பங்கு விறகுக்குக் கீழே போகிறது. மற்றப் பங்கு இரண்டு சுவருக்கும் நடுவில் ஏறிச் சூடாகி, மேல் துளைகளால் உள்ளே வந்து, புகையைப் பிடித்து எரித்துவிடுகிறது. எங்கள் நாட்டில் பலர் பாவிக்கும் அனகி மண் அடுப்பும் விறகை மிச்சப்படுத்தும் நல்ல அடுப்புத்தான். வீட்டுச் சமையலுக்கு அதற்கு ஈடாக நான் இதைச் சொல்லமாட்டேன். ஆனால் அவசரத்துக்கு ஒரு கேத்தல் தண்ணீர் கொதிக்கவைக்க, குழந்தைக்குப் பால் கரைக்க, மழைக்காலத்தில் இடம்பெயர்ந்து நிற்கும்போது, இது கையில் கொண்டு திரியக்கூடியது. சமையல் புகையும் அதுபோன்ற வீட்டுக்குள் மாசடைந்த காற்றும் 2020 இல் உலகம் முழுவதும் முப்பத்திரண்டு இலட்சம் பேரின் சாவுக்குக் காரணமென்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அடுப்படியில் நிற்பது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

ஊருக்கு வந்ததும் பேணியில் செய்து பார்த்தேன். முதல் இரண்டும் சரிவரவில்லை, மூன்றாவது எரிந்தது. விருப்பமானவர்கள் செய்து பாருங்கள். பெரிய பால்மாப் பேணி ஒன்று, அதற்குள் சுற்றிவர ஒரு விரல் இடைவெளியோடு இறங்கக்கூடிய சின்னப் பேணி ஒன்று வேண்டும். சின்னப் பேணி பெரியதைவிட ஓரங்குலம் கட்டையாக இருக்கட்டும். சின்னப் பேணியின் அடியில் ஆணியால் நிறையத் துளை போடுங்கள். வாய் விளிம்புக்குச் சற்றுக் கீழே சுற்றிவர ஒரு வரிசைத் துளை போடுங்கள். பெரிய பேணியைக் கவிழ்த்து, இப்போது மேலே இருக்கும் அடித்தகட்டில் சின்னப் பேணி இறுக்கமாக இறங்குமளவுக்கு வட்டம் வெட்டுங்கள். நிலத்தைத் தொடும் விளிம்போரம் சுற்றிவரப் பெரிய துளைகள் போடுங்கள். சின்னப் பேணியை அந்த வட்டத்துக்குள் இறக்கினால் அதன் விளிம்பு தாங்கிக்கொள்ளும். அதன் அடி நிலத்தைத் தொடாமல் தொங்கவேண்டும். இதில்தான் நான் முதலில் பிழைவிட்டேன். பாத்திரத்தை நேரே வாயில் வைக்காமல், மூன்று கல்லோ கம்பியோ வைத்து ஓரங்குலம் உயர்த்துங்கள். சுள்ளியை மேல் துளைக்குக் கீழே நிற்கும்படி நிரப்பி, மேலே இருந்து கொளுத்துங்கள். கீழேயிருந்து கொளுத்தினால் புகைக்கும்.

வெட்டிய தகரம் கையைக் கிழிக்கும், கவனம். கிருமிநாசினிப் பேணி, பெயின்ற் பேணி, நாகம் பூசிய வாளி எதுவும் வேண்டவே வேண்டாம், சூட்டில் நஞ்சு கிளம்பும். பூட்டிய அறைக்குள் கொளுத்த வேண்டாம். பேணி கொஞ்சக் காலத்தில் இற்றுப்போகும். அப்போது இன்னொரு பேணி.

அடுப்பைக் கொண்டுவந்தேன் சரி, அந்த விளையாட்டையும் கொண்டுவரலாமா என்று பல நாள் யோசித்தேன். எங்கள் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு பரபரப்பு வேண்டாமா? பெட்டியை ஒளித்து வைத்துத் தேடவிட்டால் என்ன? வேண்டாம் என்றுதான் முடிவெடுத்தேன். மிதிவெடித் தடை ஒப்பந்தத்தின் வாசகம் நிறைவேற்றப்பட்டது, நான் போன அதே ஒஸ்லோவில், 1997 செப்டெம்பரில். இலங்கை அதில் இணைந்தது 2017 டிசெம்பரில், நடைமுறைக்கு வந்தது 2018 யூனில். அதிலிருந்து பத்து வருடத்துக்குள் அகற்றி முடிக்கவேண்டும் என்பது அதன் விதி. அதே அகலாங்கு நெட்டாங்கு எண்களால்தான் எங்கள் மிதிவெடி நிலங்களின் எல்லைகளும் பதியப்படுகின்றன. இந்த மண்ணில் ஒளித்து வைத்த பெட்டிக்குள் கை விடு என்று ஒரு பிள்ளைக்கு நான் சொல்லமாட்டேன். ஆனால் சும்மா நடப்பதற்காக நடப்பதைக் கொண்டுவரலாம் அல்லவா?

முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் வேலை செய்யும் ஒரு குளத்தோரக் கிராமம். அங்கே எங்கள் குழுவில் ஒரு அக்கா இருக்கிறார். அவருடைய கணவர் 2010 இல் விறகுக்குப் போன இடத்தில் ஒரு காலை இழந்தவர். அந்தக் காணி 2012 இல் துப்புரவாக்கப்பட்டுக் கையளிக்கப்பட்டது. கடிதம் அவருடைய வீட்டிலேயே பிளாஸ்ரிக் உறையில் இருக்கிறது. ஆனாலும் அதற்குப் பிறகு பிறந்த மகனை அவர் வீதியை விட்டு இறங்கவிடுவதில்லை. பந்து பற்றைக்குள் போனால் போனதுதான். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கும்போது நிலமும் நினைவும் பற்றி ஒரு பாடம் எடுத்தேன், நல்ல புள்ளியும் வாங்கினேன். இந்த அக்காவிடம் சொல்ல அதில் ஒரு வசனமும் எனக்கு உதவவில்லை.

2025 ஆனியில் ஒரு சனிக்கிழமை, தாய்மாரும் பிள்ளைகளுமாகக் குளக்கட்டு வரை நடந்து, அங்கே தேத்தண்ணி வைத்துக் குடிப்பது என்று தீர்மானித்தோம். முதலில் ஆறு பேர்தான் சம்மதித்தார்கள். அக்கா வரமாட்டேன் என்றார். பக்கத்துக் கிராமத்தில் சின்னக் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணை நான் கூப்பிட்டிருந்தேன். அவர் முன்னர் மிதிவெடி அகற்றும் வேலை செய்தவர். முகக்கவசமும் மார்புக் கவசமும் போட்டு, வெயிலில் முழந்தாளில் இருந்து, சாண் சாணாக மண்ணைக் கிளறிப் பிள்ளைகளை வளர்த்த எங்கள் பெண்களில் ஒருவர். அவர் நேரே அந்த அக்காவின் படலைக்குப் போனார்.

"அக்கா, அந்தக் காணியில ரண்டாவது மரத்தில இருந்து குளக்கட்டு மட்டும் நான்தான் கிளறினனான். இந்தக் கையாலதான். நான் முன்னுக்குப் போறன், நீங்கள் என்ரை பின்னால வாங்கோ" என்றார்.

அக்கா கொஞ்ச நேரம் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வீதி முடிந்த இடத்தில் செருப்பைக் கழற்றினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் காலடியிலேயே தன் காலடியை வைத்து வைத்து வந்தார்.

பாலைப்பழக் காலம். குளக்கட்டுக்குக் கிட்ட நின்ற பாலை மரத்தின் கீழே பழம் மஞ்சளாகக் கொட்டிக் கிடந்தது. எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அது என்ன பழம் என்றே தெரியாது. காட்டுக் கரையில் பிறந்த பிள்ளைகள்! எல்லாரும் விழுந்தடித்துப் பொறுக்கினார்கள். அக்காவின் மகனும் கையை உதறிக்கொண்டு ஓடினான். அவர் வாயைத் திறந்தார். என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும், என் வாயிலும் அதுதான் வந்து நின்றது. அவர் சொல்லவில்லை.

தண்ணீரோரம் சருகைக் கூட்டி ஒதுக்கிவிட்டுப் பேணி அடுப்பை வைத்தோம். சின்ன அடுப்பு, அடிக்கடி சுள்ளி கேட்கும். இரண்டாவது கேத்தலுக்குச் சுள்ளி முடிந்துவிட்டது. நான் எழும்ப முன்னரே அக்கா எழும்பிப் போனார். காய்ந்த வீரைக் கொப்பு ஒன்றை வளைத்து, காதுக்குக் கிட்டப் பிடித்து முறித்தார். ஒரு பிடி கொண்டுவந்து என் பக்கத்தில் போட்டார். திரும்பவும் போனார்.

மகனின் வாய் பாலைப்பழப் பாலில் ஒட்டிப்போய்க் கிடந்தது. சீலைத் தலைப்பால் துடைத்துப் பார்த்தார், போகவில்லை. தேங்காயெண்ணெய் பூசினால்தான் போகுமாம்.

"அடுத்தமுறை வரேக்க ஒரு சின்னப் போத்தில்ல எண்ணெய் கொண்டு வரவேணும்" என்றார்.